வடசேரி மாடியில் ஒரு மனு எழுதும் கடை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. ‘டைப்பிங், ஜெராக்ஸ், மனு’ என்று மூன்று சொற்களைத் தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் நான்கு முறை இங்கே போயிருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதித் தரும் இடங்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. யார் கேட்டாலும் நான் இந்தக் கடையைத்தான் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் அம்மாவின் 31 வருட உழைப்புக்கு வந்த பணத்தின் கணக்கு, இங்கே எழுதிய ஒரு பக்க மனுவால்தான் எங்களுக்குப் புரிந்தது.

அம்மா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியாக இருந்தவர். பிறந்தது இலங்கையில், மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் ஒரு தலை என் அம்மா. எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, குமரி மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் இங்கே அரசு ரப்பர் தோட்டங்களிலும் வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். 1984-இல் அந்த ரப்பர் தோட்டங்களை நடத்த அரசு ரப்பர் கழகம் என்ற நிறுவனம் வந்தது. அம்மா அதற்கும் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச் சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி நடந்து, பட்டையை நூல் பிடித்த மாதிரி சீவி, சிரட்டை வைத்து, வெயில் ஏறும் நேரத்தில் பால் எடுத்துக்கொண்டு வருவார். ஒட்டுப்பால் வாடை வீட்டுச் சுவரிலும் எங்கள் பள்ளிக்கூடப் பையிலும் இருக்கும். எனக்கு அது அம்மாவின் வாடை.

அம்மா ஓய்வு பெற்றது ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்த சமயம். இதில்தான் சிக்கல் இருக்கிறது, தோட்டத்திலும் பொதுத்துறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் இழுக்கும். ஒருவழியாகக் கையெழுத்தாகும்போது, முந்தைய ஒரு தேதியிலிருந்து அமல் என்று போடுவார்கள். நடுவில் ஓய்வு பெற்றவருக்குப் பழைய கூலியில் பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கு முடித்திருப்பார்கள். வித்தியாசத்தைப் பிறகு கணக்குப் பார்த்துத் தர வேண்டும். தந்தார்களா, எவ்வளவு, எந்தக் கணக்கில்? அம்மாவுக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்த்த ஒரு சித்திக்கு ஏதோ கூடுதலாக வந்தது என்று கேள்விப்பட்டதும் மனசு அடித்துக்கொண்டது. ‘எனக்கு யாரோ குறைச்சுட்டாங்க’ என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் போனது வேறு ஒரு இடம். ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம். ஏசி போட்ட கம்ப்யூட்டர் சென்டர், 300 ரூபாய் வாங்கினார்கள், பத்து நிமிடத்தில் மனு கையில் வந்தது. ‘எனக்குப் பணிக்கொடை ஏன் குறைவாக வழங்கப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு? சம்பந்தப்பட்டவர்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்படும்?’ இப்படி ஏழு கேள்விகள். படிக்கும்போது எனக்கே நன்றாகத்தான் இருந்தது, நம் கோபத்தை அப்படியே எழுதியிருக்கிறார்களே என்று. வந்த பதில் இரண்டே வரி: கேட்டவை சட்டத்தில் ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராது.

அந்தப் பதிலையும் தூக்கிக்கொண்டுதான் வடசேரி மாடி ஏறினேன். தையல் வேலைக்கு நூல் வாங்க வந்த நாள் அது. நூல் கடைக்காரம்மாதான் வழி சொன்னார்.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். இப்போது ஒரு பெண் பிள்ளை கம்ப்யூட்டரில் அடிக்கிறாள், அண்ணாச்சி சொல்லச் சொல்ல. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மரப் பெஞ்ச். பழைய மனுவையும் பதிலையும் இரண்டு முறை வாசித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

“மக்கா, பதில் போட்டவர் மேல தப்பு இல்ல. இது முழுக்கக் கேள்வி. ஏன்னு கேட்டா காரணம் யோசிச்சு எழுதித் தரணும்னு சட்டம் அவருக்குச் சொல்லல. கையில இருக்கிற காகிதத்தைக் கொடுன்னு கேட்டா கொடுக்கணும். நமக்கு வேண்டியது எந்தக் காகிதம், அதச் சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை. அதையும் அவரே பிடுங்கி எடுத்தார். அம்மா வேலைக்குச் சேர்ந்த வருடம், ஓய்வு பெற்ற தேதி, கடைசி நாள் கூலி, பேங்க் புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. பணிக்கொடைக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினார். 1972-ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டப்படி ஒரு வருட வேலைக்கு 15 நாள் கூலி. நாள் கூலி ஒப்பந்தத்தில் 40 ரூபாய் கூடியது என்று வைத்துக்கொண்டால், 40 ரூபாயை 15-ஆல் பெருக்கி 31 வருடத்தால் பெருக்க, 18,600 ரூபாய். ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். அது ஒரு ஆயுள் வேலையில் என்ன ஆகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். 2022-இல் அரசு ரப்பர் கழகத் தொழிலாளர்கள் நாளுக்கு 40 ரூபாய் உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ‘நாற்பது ரூபாய்க்கா இத்தனை நாள் கூலியை விடுகிறார்கள்’ என்று பஸ்ஸில் ஒருவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கு இந்தத் துண்டுச் சீட்டைக் காட்டியிருக்க வேண்டும்.

மனு அம்மாவின் பெயரிலேயே எழுதப்பட்டது. அவருடைய கணக்கை அவரே கேட்கும்போது ‘இது இன்னொருவரின் தனிப்பட்ட தகவல்’ என்று மறுக்க வழியில்லை என்றார் அண்ணாச்சி. மொத்தம் நான்கு வரிகள். ஒன்று, ஊதிய ஒப்பந்தத்தின் நகல், இணைப்புகளோடு. இரண்டு, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று காட்டும் உத்தரவின் நகல். மூன்று, மனுதாரரின் பணிக்கொடைக் கணக்கீட்டுத் தாள். நான்கு, நடுவில் ஓய்வு பெற்றவர்களுக்கு வித்தியாசத் தொகை கணக்கிடுவது பற்றிய சுற்றறிக்கை. ஏன், எதற்கு, யார் என்ற சொல் ஒன்றுகூட இல்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பச் சொன்னார். கடைக்கூலி 100 ரூபாய். ஸ்டாம்பும் தபால் செலவும் தனி.

சட்டத்தில் 30 நாள் கெடு. 24-வது நாள் கடிதம் வந்தது. 11 பக்கம் இருக்கிறது, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 22 ரூபாய் கட்டுங்கள் என்று. கட்டினோம், வந்தது. அதை எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். அண்ணாச்சி கணக்கீட்டுத் தாளையும் பேங்க் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்றபோது பழைய கூலியில் ஒரு தொகை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வித்தியாசத் தொகை இரண்டு தவணையாக. இரண்டு தவணையும் பேங்க் புத்தகத்தில் ஏறியிருந்தது. என்ன பணம் என்று அதில் எழுதவில்லை, வெறும் எண் மட்டும். நாங்கள் அதை வேறு ஏதோ பணம் என்று நினைத்துவிட்டோம். கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், “ஒரு வருஷமா ஆபீஸ்ல இருந்த அந்தத் தம்பிய மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். அது பாவம், ஒழுங்காத்தான் போட்டிருக்கு.”

இந்த மனுவால் எங்களுக்குப் புதிதாக ஒரு பைசா வரவில்லை. ஆனால் அம்மா அன்றைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். தன் உழைப்புக்கு என்ன விலை போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று எழுத்தில் பார்த்துவிட்டார். பணம் சரியாகக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கணக்கையும் கூடவே கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த 11 பக்கத்தை முதல் நாளே கையில் கொடுத்திருந்தால் ஒரு வருட மனவேதனை மிச்சம். இப்படிக் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றுக்குச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது. அதிகாரிகள், ஊழியர்களின் மாதச் சம்பளம், ஒதுக்கிய நிதி, செய்த செலவு எல்லாம் அதில் வருகிறது.

இரண்டாம் முறை போனபோது கடையில் இருந்தவர்கள் தோட்டத்து தொழிற்சங்க ஆட்கள். அவர்கள் வந்தது மனுவுக்கு இல்லை. அண்ணாச்சியிடம் ஒரு கோப்பு இருக்கிறது. வருடா வருடம் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பிலிருந்து நம் மாவட்டத்துக்குத் தேவையான பக்கங்களை எடுத்து வைத்திருக்கிறார். வனத்துறைக் குறிப்பில் அரசு ரப்பர் கழகத்துக்கென்று ஒரு பகுதி வரும். கூடவே கோட்டயத்தில் இருக்கிற ரப்பர் வாரியம் தினமும் வெளியிடும், ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தரத்து ரப்பர் ஷீட் விலையையும் மாதம் மாதமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் பேச்சு.

“நஷ்டம்னு சொல்லுவாங்க. நஷ்டமாவே இருக்கட்டும். ஷீட் விலை இறங்கினதால வந்த நஷ்டமா, மழைக்கு முன்னால மரத்துல பிளாஸ்டிக் கட்டாம விட்டதால வெட்டு நாள் குறைஞ்சு வந்ததா, மரம் கிழடாகி வந்ததா, இல்ல மேல்செலவா? பிரிச்சுப் பாத்தாத்தான் கூலிக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு தெரியும்.” அரசு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தணிக்கை அறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது என்றும், சட்டமன்றத்தில் வைத்த காகிதத்தை மறைக்க ஒன்றுமில்லை, அதனால் தயங்காமல் கேட்கலாம் என்றும் அவர்களுக்குச் சொன்னார். பக்கத்துக்கு 2 ரூபாய் ஜெராக்ஸ் கூலி மட்டும் வாங்கினார். எனக்குத் தெரிந்து எந்த மனுக் கடையிலும் இந்த வேலை நடப்பதில்லை. மற்ற இடங்களில் நாம் சொல்வதை எழுதித் தருவார்கள். இங்கே அதை எழுதுவதற்கு முன்னால் நம்மை வாசிக்க வைக்கிறார்கள்.

மூன்றாவது முறை, எங்கள் தெருவின் காங்கிரீட் சாலைக்காக. இது கொஞ்சம் கசப்பான கதை, சுருக்கமாகவே சொல்கிறேன். மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் என்று சொல்கிற அளவுப் புத்தகம் ஆகிய மூன்றின் நகல் கேட்டோம். அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். 30 நாள் தாண்டியும் பதிலே இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கு அண்ணாச்சி தனிக் காசு வாங்கவில்லை, ‘முதல் மனுவுக்கு வாங்கின நூறுல இதுவும் சேர்த்தி’ என்றார். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7-ஆம் பிரிவில் இருக்கிறதாம், அந்த வரியையும் சேர்த்தார். நகல் இலவசமாகவே வந்தது. அளவுப் புத்தகத்தில் சாலை 180 மீட்டர். பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் டேப் பிடித்து அளந்தோம், 152 மீட்டர். கிராம சபையில் இரண்டு எண்களையும் வாசித்தோம். ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐயும் அங்கேயே கேட்டு வாங்கிப் பார்த்தோம். மீதி நீளத்துக்கு ஜல்லி வந்து இறங்க மூன்று மாதம் ஆனது. சண்டை எதுவும் போடவில்லை. கையில் அவர்களுடைய காகிதமே இருக்கும்போது குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

கடையில் காத்திருக்கும் நேரமும் எனக்குப் பிடிக்கும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து துறைமுக வேலையின் ஒப்பந்த நகல் கேட்க வந்த மீனவர் ஒருவர், தண்ணீர்த் தொட்டி இயக்கும் ஒரு தம்பி, சத்துணவு அமைப்பாளர் ஒரு அக்கா. போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை நான்காவது முறை பார்த்தேன். 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னார். அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கக் கேட்டார்கள், அரசு 2.44 என்று நின்றது. பத்தாயிரம் அடிப்படைச் சம்பளக்காரருக்கு அந்த 0.13 என்பது மாதம் 1,300 ரூபாய். 2025 மே மாதம் கையெழுத்தான 15-வது ஒப்பந்தத்தில் 6 சதவீதம். “சதவீதம் பேப்பர்ல வரும் தங்கச்சி. ஆனா எந்தச் சம்பளத்துல ஆறு, எந்தத் தேதியில இருந்து ஆறு, அது ஒப்பந்தத்துக்குள்ளதான் இருக்கும்” என்றார். 12(3) ஒப்பந்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண் அது. சமரச அதிகாரி முன்னால் போடுகிற ஒப்பந்தம், சங்கத்தில் இல்லாதவரையும் கட்டும். தன்னைக் கட்டும் காகிதத்தைத் தான் ஒருமுறையாவது முழுதாக வாசிக்க வேண்டும் என்றுதான் அந்த வயதில் அவரும் மாடி ஏறி வந்திருந்தார்.

அந்த நான்காவது முறை நான் போனது எனக்காக இல்லை, மஸ்கெலியாவில் இருக்கிற என் மாமா மகளுக்காக. அம்மாவின் அண்ணன் குடும்பம் கப்பல் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டது. வாட்ஸ்அப் வந்த பிறகுதான் எங்களுக்குள் பேச்சே தொடங்கியது. அவள் இன்றும் கொழுந்து பறிக்கிறாள். அங்கே கதை இன்னும் நீளம். பல வருடமாக முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போட்டுத்தான் கூலி முடிவாகும். நாள் கூலி ஆயிரம் ரூபாய் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக 2021-இல் சம்பள நிர்ணய சபை மூலம்தான் அந்த ஆயிரம் வந்தது. கூட்டு ஒப்பந்தமும் அதோடு போயிற்று. 2024 மே தினத்தையொட்டி 1,700 என்று அரசு வர்த்தமானி, அதாவது அரசிதழ், வெளியிட்டது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின, தடை வந்தது. பிறகு 1,350 என்று நின்றது. 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு நாளுக்கு 200 ரூபாயை அரசே தரும் என்று அறிவித்தார்கள். எல்லாம் இலங்கை ரூபாய், நம் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த 200 ரூபாயைப் பற்றித்தான் அவளுக்குச் சந்தேகம். எந்த நாளை வருகை என்று எடுக்கிறார்கள், மழைக்கு அரை நாளில் நிறுத்தினால் என்ன, தன் தோட்டத்துக்கு எத்தனை பேர் கணக்கில் பணம் போகிறது? நான் அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்தேன். கம்பெனித் தோட்டத்துக் கூலி என்றால் கணக்குக் கேட்பது கஷ்டம், ஆனால் அரசு கஜானாவிலிருந்து 200 ரூபாய் வந்த நிமிடமே அதன் கணக்கு ஊருக்குப் பொது என்று அவர் சொன்னது எனக்குப் பளிச்சென்று பட்டது. அந்த நாட்டிலும் 2016-இல் தகவல் சட்டம் கொண்டு வந்து, 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்திருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். நம் சட்டத்திலும் வாயால் சொல்கிறவருக்கு எழுத உதவ வேண்டும் என்று 6-ஆம் பிரிவில் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது. அங்கே கூட்டு ஒப்பந்தம் போட்டால் வர்த்தமானியில் அச்சாகும் என்பது அண்ணாச்சிக்கு மிகவும் பிடித்துவிட்டது. “பாத்தியா, ஒப்பந்தம் கெஸட்ல வருது. நமக்கும் அப்படி வந்தா என் கடைக்குப் பாதி ஆள் வர வேண்டாம். வராமப் போனாலும் சந்தோஷம்தான்” என்றார். போனிலேயே ஐந்து வரி சொல்லி, அவள் எழுதிக்கொண்டாள். அதற்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மஸ்கெலியாவிலிருந்து மனு போய்விட்டது.

இனி குறைகள். இருக்கின்றன, மறைக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் அடிக்கிற பிள்ளையின் தமிழ் ரொம்பக் கடினம். ‘மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு’ என்று தொடங்கிவிடுகிறாள். அம்மாவுக்குத் தன் மனுவே புரியவில்லை. கையெழுத்துப் போடும் முன் முழுக்க வாசித்து விளக்கச் சொல்லுங்கள், கேட்டால் பொறுமையாகச் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை. ஆன்லைனில் மனு போட இங்கே முடியாது, தபால் மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற பெற்றோருக்காகப் போடுவதென்றால் இது ஒரு தொந்தரவு. கடை போனை எடுப்பதே இல்லை. மதியம் ஒன்று முதல் மூன்று வரை சாத்திவிடுவார்கள். நான் ஒருமுறை கீரிப்பாறை பஸ்ஸில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கீழே சாயாவும் மட்டிப்பழமும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நவம்பர் 1, குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள், மாவட்டத்துக்கே விடுமுறை, கடையும் திறக்காது.

இன்னொன்று, சிலருக்கு இது குறையாகப் படலாம். எல்லா மனுவையும் அண்ணாச்சி எழுதுவதில்லை. கூட வேலை செய்கிறவர் எவ்வளவு லோன் பிடித்தம் போகிறார், பக்கத்து வீட்டுக்காரர் லீவு எத்தனை நாள் எடுத்தார் என்று ஒருவரைக் குடைய வருகிற ஆட்களை அப்படியே திருப்பி அனுப்புகிறார். ஒருவர் என் கண் முன்னாலேயே 500 ரூபாய் நீட்டினார். “அவர் சம்பள விகிதம் பொதுக் காகிதம், அதைக் கேளு, எழுதித் தாரேன். அவர் வீட்டுக் கடன் உனக்கு எதுக்கு?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான். அரசுச் செலவைத் தெரிந்துகொள்வது வேறு, ஒரு மனிதனின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது வேறு. இந்தச் சட்டத்தின் பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை மனுக்கள்தான்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள், காலையிலிருந்தே மாடிப்படி வரை கூட்டம் நிற்கும். செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குள் போனால் ஆற அமரப் பேசலாம். பேங்க் புத்தகம், பணியில் சேர்ந்த உத்தரவு, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே வந்த பதில் ஏதும் இருந்தால் கிழித்துப் போடாமல் அதையும் கொண்டு போங்கள், எனக்கு அதுதான் பாதி வேலையை முடித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்கிறவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது, சான்றின் நகல் வைத்தால் போதும்.

பெரிய குறை மாடிப்படிதான். ஒடுக்கம், செங்குத்து, பிடித்து ஏறக் கம்பி ஒரு பக்கம் மட்டும். மலையில் மரம் மரமாக ஏறி இறங்கிய முழங்கால்களுக்கு இந்தப் பதினெட்டுப் படி ஆகாது. அம்மா ஆறாவது படியில் நின்றுவிட்டார். நான் மேலே போய்ச் சொன்னதும், அண்ணாச்சி கண்ணாடியையும் அந்த 11 பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். அம்மாவின் கணக்கை அவர் விரலால் ஓட்டிக் காட்டியது மருந்துக் கடை வாசலில், இரண்டு ஸ்டூல் போட்டுத்தான். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு மேலே ஆள் அனுப்புங்கள். அவர் இறங்கி வருவார்.